ஏமாங்கத நாட்டுக் குடிமக்கள் என்ன செய்தார்கள்?

மலர்க்குழுவினர் இந்த ஆண்டு விடுதலை பற்றிய இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். விடுதலை என்றதும் யாரும் பாரதியாரைத்தான் எடுப்பார்கள். அவரைப் பற்றி எழுத நம் சங்கத்திலேயே படித்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் கல்லூரி வாசலை மிதித்தவனில்லை. பாலக்காட்டில் கடை, குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் ஏலக்காய், மிளகு வாங்கப் போய்வருவது, இதுதான் நாற்பது வருஷமாக என் பிழைப்பு. கடை சாத்திய பிறகு விளக்கடியில் படித்ததுதான் படிப்பு. தமிழ்ச் சமணக் குடும்பம் என்பதால் சீவக சிந்தாமணி எங்களுக்கு வீட்டுப் புத்தகம். ஆகவே எனக்குத் தெரிந்த அந்த நூலையே எடுத்துக்கொண்டு, அதனிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று நினைத்தேன்.

கேள்வி இதுதான். ஒரு நாட்டை உரிமையில்லாத ஒருவன் பிடித்துக்கொள்கிறான். படை அவன் கையில், கருவூலம் அவன் கையில். அந்த நாட்டுச் சாதாரண ஜனங்கள் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்ய முடியும்? இதற்கு நம் காப்பியம் ஏதாவது பதில் வைத்திருக்கிறதா?

சிந்தாமணியை 'மணநூல்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வழக்கம். சீவகன் எட்டுப் பெண்களை மணந்தான், கடைசியில் துறவு பூண்டான், இதுதானே கதை என்பார்கள். ஆனால் நடுவிலிருக்கும் கல்யாணங்களை எடுத்துவிட்டுப் பார்த்தால், முதலிலிருந்து முடிவு வரை ஓடும் கதை பறிக்கப்பட்ட ஒரு நாட்டின் கதை. அந்தக் கோணத்தில் இந்நூலைப் பார்த்தவர்கள் குறைவு.

வரைபடத்தில் இல்லாத நாடு

நாட்டின் பெயர் ஏமாங்கதம். தலைநகர் இராசமாபுரம். இந்தியப் படத்தில் எங்கே தேடினாலும் அகப்படாது. திருத்தக்கதேவர் வடமொழிக் கதையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். ஆனால் நாட்டை வர்ணிக்கும்போது அவர் கண்ணில் பட்டது நம்ம ஊர்தான். முற்றிய தேங்காய் ஒன்று விழுகிறது; அது கமுகின் குலையைச் சிதறடித்து, தேனடையைக் கிழித்து, பலாவைப் பிளந்து, மாங்கனியை உதிர்த்து, வாழைப்பழத்தைச் சிந்தவைத்து ஓய்கிறது. இதைப் படிக்கும் பாலக்காட்டுக்காரனுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கொல்லைப்புறத்துக் கதவைத் திறந்து பார்த்தால் போதும்.

இப்படிப்பட்ட நாட்டை ஆண்ட சச்சந்தன், மனைவி விசயையின் மேல் கொண்ட மோகத்தால் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். வேண்டாம் என்று சொன்னவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஒப்படைத்ததை அவன் திருப்பித் தரவில்லை. படையோடு வந்து அரண்மனையைச் சூழ்ந்தான். கருவுற்றிருந்த விசயையை மயில் வடிவப் பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அரசன் போரிட்டு மடிந்தான். அவள் இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேயே குழந்தை பிறந்தது. இறந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு அங்கே வந்த வணிகன் கந்துக்கடன், உயிருள்ள பிள்ளையைக் கண்டு வீட்டுக்கு எடுத்துப் போனான். அந்தப் பிள்ளைதான் சீவகன்.

அதிலிருந்து சீவகன் வளர்ந்து, நாடு சுற்றி, மாமன் கோவிந்தனின் படைத்துணையோடு கட்டியங்காரனைக் கொல்லும் வரை, இராசமாபுரத்தில் நடந்தது அந்நிய ஆட்சிக்குச் சமமான ஆட்சி. அத்தனை வருஷம் அந்த ஊர் ஜனங்கள் எப்படி இருந்தார்கள்?

மூன்று இடங்கள்

நான் தேடிப் பார்த்தவரை, குடிமக்கள் தலைகாட்டும் முக்கியமான இடங்கள் மூன்று.

முதலாவது, மந்திராலோசனை. அரசனைக் கொல்லப் போவதாகக் கட்டியங்காரன் சொன்னபோது தருமதத்தன் என்பவன் எதிர்த்துப் பேசுகிறான். அரசனுக்குத் துரோகம் செய்தவனின் கதி என்ன என்று நியாயம் எடுத்துரைக்கிறான். கட்டியங்காரனின் மைத்துனன் மதனன் அந்தப் பேச்சை அடக்கப் பார்க்கிறான். தருமதத்தன் பேசியது நல்ல பேச்சு. ஆனால் அது சபைக்குள்ளேயே நின்றுவிட்டது. தெருவுக்கு வரவில்லை.

இரண்டாவது, ஆயர்களின் பசுக்களை வேடர் கவர்ந்த இடம். கட்டியங்காரனின் படை போகிறது, அடிபட்டுத் திரும்புகிறது. அப்போது ஆயர் தலைவன் நந்தகோன் மறுபடி அரசனிடம் போய் அழுதுகொண்டு நிற்கவில்லை. பசுக்களை மீட்டுத் தருகிறவனுக்கு என் மகள் கோவிந்தையைத் தருகிறேன் என்று ஊருக்கே அறிவித்துவிடுகிறான். இதைச் சாதாரணக் கல்யாணப் போட்டி என்று தாண்டிப் போகக்கூடாது. காப்பாற்ற முடியாத அரசை நம்பிப் பயனில்லை என்று ஒரு குடிமகன் பறையறைந்து சொல்கிறான் என்றுதான் இதற்குப் பொருள். இந்த இடத்தில் திருத்தக்கதேவர் ஒரு பெரிய வாசலைத் திறக்கிறார். ஆனால் சீவகன் வில்லோடு வந்து பசுக்களை மீட்டதும் வாசலை மூடிவிடுகிறார்.

மூன்றாவது, குணமாலையார் இலம்பகம். மதம் பிடித்த பட்டத்து யானையிடமிருந்து குணமாலையைச் சீவகன் காப்பாற்றியதே கட்டியங்காரனுக்குக் கோபமாகிறது. பிடித்து வரச் சொல்கிறான். எதிர்க்க வல்லமை இருந்தும், ஆசிரியர் அச்சணந்திக்குக் கொடுத்த வாக்கை நினைத்துச் சீவகன் கட்டுப்படுகிறான். கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஊரே அழுகிறது. ஆணும் பெண்ணும் அழுகிறார்கள். அழுதுகொண்டே இருக்கிறார்கள். கடைசியில் காப்பாற்றியது யார்? சுதஞ்சணன் என்னும் தேவன். முன்பு நாயாக இருந்து, சாகும் தறுவாயில் சீவகன் ஓதிய மந்திரத்தால் நற்கதி அடைந்தவன். மழையும் காற்றுமாக வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இங்கேதான் எனக்குக் குறை. ஒரு நாய்க்கு இருந்த நன்றியுணர்ச்சிக்குச் செயல் கொடுத்த கவி, ஓர் ஊருக்கு இருந்த துக்கத்துக்குக் கண்ணீரை மட்டும்தான் கொடுத்தார். அன்று ஒரு கடைக்காரன் கடையடைத்தான் என்று ஒரு வரி இல்லை. மதனனின் படைக்குத் தண்ணீர் கொடுக்க ஒருத்தி மறுத்தாள் என்று ஒரு வரி இல்லை.

இலக்கணம் சொல்லும் சமாதானம்

இதற்குப் பண்டிதர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். பெருங்காப்பியம் என்றால் தன்னிகரில்லாத தலைவன் ஒருவனைப் பற்றியது. கூட்டத்தைத் தலைவனாக வைக்க இலக்கணத்தில் இடமில்லை என்பார்கள். எங்கள் கொங்குப் பக்கத்துக் கொங்குவேளிரின் பெருங்கதையையும் காட்டுவார்கள். அதில் உதயணன் அசந்திருந்த நேரத்தில் பாஞ்சாலத்து ஆருணி மன்னன் கோசாம்பியைப் பிடித்துக்கொள்கிறான். அது நிஜமான அந்நிய ஆட்சி. அங்கேயும் நாடு மீண்டது அமைச்சன் யூகியின் தந்திரத்தாலும் மகத நாட்டுத் துணையாலும்தான், ஜனங்களால் இல்லை.

இன்னொரு சமாதானம், அந்தக் காலத்துக்கு அப்படிப்பட்ட எண்ணமே கிடையாது என்பது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிலப்பதிகாரம் சிந்தாமணிக்கு முந்தியது. அதில் ஒரு வணிகர் வீட்டுப் பெண், கையில் சான்றோடு, தனியாக அரசவைக்குள் போய் நியாயம் கேட்கிறாள். படையில்லை, தேவனில்லை, மாமனில்லை. அவள் சிலம்பை உடைத்ததும் அரசன் தன் தவறை உணர்ந்து உயிர் விடுகிறான். குமுளிக்கு மேலே மங்கலதேவி மலைக்குச் சித்திரைப் பௌர்ணமியன்று ஏறிப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். இடுக்கிப் பக்கத்து ஜனமும் தேனிப் பக்கத்து ஜனமும் அன்று ஒன்றாக நிற்பது, நியாயம் கேட்ட ஒரு குடிமகளின் பெயரால்தான்.

ஆனால் கண்ணகி வழியிலும் இரண்டு குறை உண்டு. ஒன்று, பாண்டியன் வெட்கம் உள்ளவன். கட்டியங்காரனுக்கு வெட்கம் கிடையாது. அவன் முன் சிலம்பை உடைத்தால் அவன் சில்லைப் பொறுக்கிக்கொண்டு போவான். இரண்டு, அவள் கோபம் மதுரையை எரித்துவிட்டது. தவறு செய்தவன் ஒருவன், வீடு எரிந்தது பலருக்கு.

வெளிநாட்டிலும் இந்தக் கேள்வியைக் கதையாக எழுதியவர் இருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1942-ல் 'த மூன் இஸ் டவுன்' என்று ஒரு சிறிய நாவல் எழுதினார். நிலவு மறைந்துவிட்டது என்று பொருள். பெயர் சொல்லாத ஒரு நாடு, ஒரு சிறிய சுரங்க ஊர், அதைப் பிடித்துக்கொண்ட அந்நியப் படை. ஊர்த்தலைவரைத் தங்களுக்கு ஒத்துழைக்கச் சொல்கிறார்கள். ஜனங்கள் செய்ய விரும்பாததை நான் சொல்லிச் செய்யவைக்க முடியாது என்பது அவர் நிலை. ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேயில் அந்த நாவலை ரகசியமாகக் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். அதே 1942-ல் அந்த நாட்டு ஆசிரியர்கள், புது ஆட்சி ஏற்படுத்திய சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்து, பலரை வடகோடிக்குக் கொண்டுபோய்க் கடும் வேலை வாங்கியும் அவர்கள் மசியவில்லை. கடைசியில் ஆட்சிதான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த நாவலில் வெடிமருந்தும் வருகிறது, உயிர்ப்பலியும் வருகிறது. ஆசிரியர்கள் வைத்த ஆயுதமோ, ஒரு கடிதமும் ஒரு 'மாட்டேன்' என்ற சொல்லும்.

வேதாரணியத்தில் நடந்தது

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1930-ல் காந்தியடிகள் தண்டிக்குப் போனதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதே ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரணியத்துக்குக் கால்நடையாகக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல், பதினைந்து நாள் நடை. அதே மாதம் கேரளத்தில் கே. கேளப்பன் கோழிக்கோட்டிலிருந்து பய்யன்னூருக்கு நடந்தார். நம் பாலக்காட்டிலிருந்தும் டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர் தலைமையில் ஒரு குழு பய்யன்னூருக்குப் போனது. அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை ஏற்படுத்தியவர் அவர்தான். காந்தியடிகள் வந்து போன இடம் அது. இந்த நாட்டில் இது திடீரென்று முளைத்ததும் இல்லை. 1921 ஏப்ரலிலேயே ஒற்றப்பாலத்தில் கேரளக் காங்கிரஸின் மாநில மாநாடு கூடி, போலீஸின் தடியடியை வாங்கியிருந்தது.

வேதாரணிய நடையில் எனக்கு முக்கியமாகப் படுவது உப்பு அள்ளிய கடைசிக் காட்சி இல்லை. வழியில் நடந்ததுதான். அன்றைய தஞ்சாவூர்க் கலெக்டர் ஜே. ஏ. தார்ன் ஒரு எச்சரிக்கை விடுத்தார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போட்டாலும், தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை உண்டு. கெட்டிக்காரத்தனமான உத்தரவு. நடப்பவனைப் பிடித்தால் அவன் தியாகி ஆகிவிடுகிறான். சோறு போடுகிறவனைப் பயமுறுத்தினால் நடப்பவன் தானே விழுவான்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸுக்குத் தெரியாது. மரத்தின் மேல் வழக்குப் போட முடியாது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே விருந்து வைத்துச் சிறைக்குப் போனார். வேதாரணியத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன், தன் முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டார். அவரும் சிறைக்குப் போனார். ஏப்ரல் 30-ம் தேதி இராஜாஜி உப்பு அள்ளிக் கைதானபோது, சட்டம் ஏற்கெனவே வழிநெடுக மீறப்பட்டிருந்தது. மீறியவர்கள் பெரும்பாலும் பேர் தெரியாத வீட்டுப் பெண்களும் தொழிலாளிகளும்.

சிந்தாமணியில் நான் தேடிக் கிடைக்காத வரிகள் இவைதான். தண்ணீர் கொடுக்க மறுத்தவர், சோறு கட்டித் தொங்கவிட்டவர். கட்டியங்காரன் எத்தனை பெரிய படை வைத்திருந்தாலும் அவனுக்குச் சமைக்க ஆள் வேண்டும், சவரம் செய்ய ஆள் வேண்டும், குதிரைக்குப் புல் வெட்ட ஆள் வேண்டும். அவர்களெல்லாம் ஒருநாள் கையை மடக்கினால் அவன் அரசனா? இந்தக் கணக்கை ஒரு வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை. வாங்க ஆளில்லாத கடையில் சரக்கு எவ்வளவு இருந்தென்ன?

கந்துக்கடன் செய்த காரியம்

வேதாரணியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிந்தாமணிக்குப் போனால், முன்பு கண்ணில் படாத ஒன்று படுகிறது. கலெக்டர் தார்ன் எந்தச் செயலைக் குற்றம் என்றாரோ, அதே செயலைத்தான் கந்துக்கடன் செய்தான். அடைக்கலம் கொடுத்தான்.

நினைத்துப் பாருங்கள். கட்டியங்காரன் அரசனைக் கொன்ற அதே நாள். சுடுகாட்டில் அரச முத்திரை மோதிரத்தோடு ஒரு ஆண் குழந்தை கிடக்கிறது. மணலில் நடக்கத் தெரிந்தவனுக்குக்கூட அது எந்த வீட்டுப் பிள்ளை என்று புரியும். எடுத்தால் குடும்பத்தோடு கழு. அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம், கேட்பாரில்லை. அவன் எடுத்தான். தன் மனைவி சுநந்தையிடம் உன் பிள்ளை சாகவில்லை என்று சொல்லிக் கொடுத்தான். வேற்றூருக்கு ஓடவில்லை. கொலைகாரனின் தலைநகரில், அவன் கண் முன்னாலேயே, வளர்த்துப் படிக்கவைத்தான்.

'இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன' என்ற பழமொழியை நம் ஜனங்கள் வியாபாரிகள் தலையில் கட்டுவதுண்டு. பாலக்காட்டுக் கோட்டையைப் பார்த்தால் அந்தப் பழமொழி எப்படிப் பிறந்திருக்கும் என்று தெரியும். 1766-ல் ஹைதர் அலி கட்டினார், 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கொடி மாறியது, கோட்டைக்கு வெளியே தராசு மாறவில்லை. உட்கார்ந்திருப்பவனுக்குச் சலாம் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார் என்பது எங்கள் தொழிலில் அப்பன் பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி. அந்தப் புத்திமதிக்குக் கந்துக்கடன் ஒரு பதில். சலாம் போட்டிருக்கவும் கூடும். ஆனால் வீட்டுக்குள் எதை வளர்த்தான் என்பதுதான் கேள்வி.

ஆகவே சிந்தாமணியில் குடிமக்களின் எதிர்ப்பு இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது தெருவில் இல்லை, ஒரு செட்டியார் வீட்டு நடையில் இருக்கிறது. திருத்தக்கதேவரின் பெருமை அதைக் கண்டது. அவருடைய எல்லை, அந்த ஒரு வீட்டை ஊராகப் பெருக்கிப் பார்க்காதது. கந்துக்கடனின் அடைக்கலம் ரகசியம், ஓர் அரசகுமாரனுக்காக. பந்துலு ஐயரின் விருந்து பகிரங்கம். யாரென்று தெரியாத நூறு பேருக்காக. மரத்தில் தொங்கிய பொட்டலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கை மறைந்திருந்தது, சோறு மறையவில்லை. ஒளிந்து காப்பாற்றுவதிலிருந்து வெளியே வந்து மறுப்பது வரை ஒரு சமுதாயம் நடக்க வேண்டிய தூரம் இருக்கிறதே, அதற்கு மரப்பொட்டலம் ஒரு மைல்கல்.

விரதத்தில் ஒரு சிக்கல்

இந்த இடத்தில் எங்கள் சமயத்து அன்பர்கள் ஒரு தடை எழுப்பலாம். இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள்: கொல்லாமை, பொய்யாமை, களவாமை, பிறர்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை. களவாமை விரதத்துக்கு உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. திருடனுக்குத் துணை போவது, திருட்டுப் பொருள் வாங்குவது, கள்ள எடை கள்ள அளவு, கலப்படம். இவற்றோடு 'விருத்த ராஜ்யாதிக்ரமம்' என்று ஒன்று. இராச்சியக் கட்டளையை மீறுவது என்று சாதாரணமாகப் பொருள் சொல்வார்கள். அப்படியானால் உப்புச் சட்டத்தை மீறியவன் விரதம் கெட்டவனா? சமணன் ஒருவன் வேதாரணியத்துக்குப் போயிருக்கக் கூடாதா?

பூஜ்யபாதரின் உரையைக் கவனித்தால் சிக்கல் அவிழும். நாடு ஒழுங்கு குலைந்த நேரத்தில், விலையுயர்ந்த சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்ப்பதைத்தான் அவர் அங்கே குறிப்பிடுகிறார். குற்றம் எதில் இருக்கிறது என்றால் லாபத்தில். கள்ள எடைக்குப் பக்கத்தில் அதை வைத்ததற்கும் அதுவே காரணம். வாளையார் வழியாகச் சரக்கு போய்வருவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது நன்றாகப் புரியும். 2017-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், அங்கே வரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில், ராத்திரியில் சுற்றுவழியாக மூட்டை கடத்தியவனும் சட்டத்தை மீறினான். பட்டப்பகலில் நாலு பேர் பார்க்க ஒரு பிடி உப்பை அள்ளியவரும் சட்டத்தை மீறினார். முதலாமவன் மறைத்தான், லாபம் பார்த்தான், பிடிபட்டால் லஞ்சம் கொடுத்தான். இரண்டாமவர் முன்கூட்டியே சொன்னார், லாபம் ஒன்றுமில்லை, தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டும் ஒரே செயல் என்று சொன்னால் தராசுக்கும் படிக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன் பேச்சு.

இன்னொன்றும் உண்டு. காந்தியடிகள் 1888-ல் லண்டனுக்குப் போகும் முன், தாயாரின் மனம் ஆறுவதற்காக மது, மாமிசம், மாது மூன்றையும் தொடமாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொண்டது பேசர்ஜி சுவாமி என்ற சமண முனிவரின் முன்னிலையில். 1891-ல் திரும்பி வந்ததும் பம்பாயில் சந்தித்த ராய்சந்த்பாய் என்ற சமணப் பெரியார், வைர வியாபாரி. காந்தியடிகள் சமணர் இல்லை, அவருடைய அகிம்சை முழுக்க எங்களுடையது என்று உரிமை கொண்டாடவும் கூடாது. ஆனால் 'மாட்டேன்' என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் விரதத்தை, ஒரு ஜனத்தொகை முழுவதும் ஓர் அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியும் என்று காட்டினாரே, அந்த ஒரு அடிதான் பெரிய அடி. விரதம் எங்களிடம் பல நூற்றாண்டாக இருந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவர எங்களுக்குத் தோன்றவில்லை. திருத்தக்கதேவர் துறவி, அவருக்குத் தோன்றவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

குரங்கின் கைப் பழம்

ஆனாலும் அவரைக் குறை சொல்லி முடிக்க என்னால் முடியாது. காரணம் முத்தி இலம்பகம். எல்லாப் பகையும் முடித்து, நெடுநாள் அரசாண்டபின், ஒருநாள் சோலையில் சீவகன் ஒரு காட்சியைப் பார்க்கிறான். ஆண் குரங்கு ஒரு பலாப்பழத்தைப் பெண் குரங்கின் கையில் கொடுக்கிறது. தோட்டக் காவலன் அதை விரட்டிவிட்டுப் பழத்தைத் தான் பிடுங்கிக்கொள்கிறான். பார்த்துக்கொண்டிருந்த சீவகனுக்குச் சுருக்கென்கிறது. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன் மாதிரி. பிடுங்கிய காவலன் நம்மைப் போல என்று நினைக்கிறான். அரசை விடுகிறான்.

காப்பியம் முழுவதும் நியாயமான அரசன் என்று நம்மை நம்பவைத்தவனே கடைசியில் இப்படிச் சொல்வது சாதாரண விஷயமில்லை. கட்டியங்காரன் பறித்தான், நான் அவனிடமிருந்து பறித்தேன், வாளால் வந்த ஆட்சி எல்லாம் பறித்த பழம்தான் என்று வென்றவனே ஒத்துக்கொள்கிறான். உலகக் காப்பியங்களில் வெற்றி பெற்ற நாயகன் இப்படித் தன்னைத் தோற்றவனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது அபூர்வம். குடிமக்கள் ஆட்சியை எப்படி மீட்க வேண்டும் என்று திருத்தக்கதேவர் சொல்லவில்லை. ஆனால் வாளால் மீட்டால் அது மீட்டது ஆகாது என்று சொல்லிவிட்டார். மிச்சத்தை வேதாரணியத்துச் சாலையில் சோற்றுப் பொட்டலம் கட்டியவர்கள் சொன்னார்கள்.

நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் படிக்கிறார்கள். தமிழ்க் காப்பியம் என்றால் ராஜா கதை, நமக்கென்ன என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சிந்தாமணியை எட்டுக் கல்யாணக் கதையாகக் கொடுக்காதீர்கள். அரசனை நம்பாமல் ஊரிடம் பேசிய நந்தகோனைக் காட்டுங்கள். சுடுகாட்டிலிருந்து பிள்ளையை எடுத்து வந்த வியாபாரியைக் காட்டுங்கள். அழுதுகொண்டே நின்ற ஊரையும் காட்டி, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்லட்டும்.